ஐம்பத்தோரு நாள் மோதிரம்

பார்ப்பதுதான் அவனுக்கு வேலை. கண்ணாடிப் பாட்டில் செய்யும் ஆலையில், வெள்ளை வெளிச்சம் எரிகிற ஒரு திரைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பெல்ட்டில் நகர்ந்து போகிற பாட்டில்களை எட்டு மணி நேரம் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி, வாய்க் கோணல், எது கண்ணில் பட்டாலும் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் இருக்கிற தொட்டியில் எறிய வேண்டும். உடைகிற சத்தத்தைத் திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. அதற்குள் அடுத்த பாட்டில் வந்துவிடும்.

ஒன்பது வருஷம் இதைத்தான் செய்தான். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். அதனால் கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு ஆணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காய்ச்சல் வந்தாலும் வருவான், மழை கொட்டினாலும் வருவான். லீவு போட்டு எங்கே போவது? வீடு இரண்டே அறை, அதில் அவனும் அம்மாவும். அம்மா பேசுகிற பேச்சை ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கேட்டாலே வாரம் முழுக்கக் காதில் ரீங்காரம் போடும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அப்பா போகும்போது வைத்துவிட்டுப் போனது கடன் மட்டும்தான். அம்மா ஒரு சலவைக் கடையில் நின்ற காலோடு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஆறு வருஷத்தில் அதை அடைத்தாள். கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்று வாசலிலேயே நின்று சொன்னாள்: "இனிமே கடன்ங்கற வார்த்தை இந்த நிலைப்படியைத் தாண்டி உள்ள வரக் கூடாது. வந்தா நான் வெளிய போயிடுவேன்." சொன்னால் சொன்னதுதான். அவள் பிடிவாதம் ஊரறிந்தது.

நாள் முழுக்க வெளிச்சத்தைப் பார்த்தால் கண் எரியும். வாரம் ஒரு முறை சொட்டு மருந்து வாங்கத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போவான். அங்கே கவுண்டரில் நின்ற பெண், ஒரு நாள் சீசாவை நீட்டிவிட்டு, "இந்த வேகத்துல வாங்கினா நீங்க சொட்டு விடல, குளிக்கறீங்க," என்றாள். பயலுக்கு அன்றைக்கே தலைகால் புரியவில்லை. எட்டு மாதம் கழித்து இரண்டு வீட்டிலும் பேசி, மோதிரம் போட நாள் குறித்தார்கள். அம்மா அவளுக்கு வைத்த பெயர் மாத்திரை. "என் மாத்திரை வந்துட்டா, இனிமே எனக்கு நோயே கிடையாது," என்பாள்.

சரி, மோதிரம். கல் வைத்த மோதிரமாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். "அந்தப் பொண்ணு நாள் பூரா நாலு பேர்கிட்ட கையை நீட்டி மருந்து குடுக்கறா. கை வெறிச்சுன்னு இருந்தா நம்மளைத்தான் கேப்பாங்க."

காசுக்கு என்ன செய்வது? நகைக்கடைக்காரர் மாதத் தவணை என்றார். தவணையும் கடன்தான் என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். தாய்மாமன் தானாகவே முன்வந்து, "நான் தரேன், மெல்லத் திருப்பிக் குடு," என்றார். தம்பி என்றும் பார்க்காமல் அவரை எழுந்து போகச் சொல்லிவிட்டாள். பைக்கை விற்கலாம் என்று பார்த்தால், ஆலைக்குப் பஸ் கிடையாது. ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவள் விரலுக்கு ஒரு வளையம் வாங்க வக்கில்லாமல் நிற்கிறேனே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

டீ இடைவேளையில் ஒருத்தன்தான் வழி சொன்னான். "உன்கிட்ட லீவு மூட்டை மூட்டையா கிடக்கே, அதை வித்துத் தொலையேன்." எடுக்காத லீவைக் கம்பெனி நாள் கணக்கில் விலைக்கு வாங்கிக்கொள்ளும். ஆணிக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை, பாருங்கள். ஒன்பது வருஷத்தில் அவன் கணக்கில் ஐம்பத்தோரு நாள் சேர்ந்து கிடந்தது. கடனும் இல்லை, கைமாற்றும் இல்லை. அம்மாவிடம் சொன்னதும் அவள் முகம் பூரித்துப் போயிற்று.

லீவுக் கணக்கைப் பார்க்கிற அம்மாளை ஆலையில் எல்லாரும் ஆபீஸ் அக்கா என்பார்கள். அவள் காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கீழ எழுதியிருக்கறதைப் படி. லீவை வித்தவங்க ஆறு மாசத்துக்குச் சம்பளமில்லாத லீவுகூடக் கேக்கக் கூடாது. சொல்லாம நின்னா வேலை போயிடும். யோசிச்சுக்கோப்பா. மொத்தத்தையும் விக்காதே, ஒரு பத்து நாளாவது கையில வச்சுக்கோ."

"எனக்கு என்னக்கா ஆகப் போகுது? கல்லு மாதிரி இருக்கேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க," என்றவள், எத்தனை நாள் என்று எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டுக் காகிதத்தை அவனிடமே கொடுத்தாள். மோதிரத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதிக்கொள் என்றாள். நல்ல மனுஷி.

சனிக்கிழமை காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனான். கடைக்கு மூன்று படி. அம்மா மூன்றாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய் முதலில் நாற்காலி, அப்புறம் தண்ணீர். "வெயில்டா," என்றாள். அன்றைக்கு அப்படியொன்றும் வெயில் இல்லை.

கடைக்காரர் இரண்டு மோதிரத்தை எடுத்து வைத்தார். முதல் மோதிரத்தின் விலையை அவன் மனசுக்குள் நாளாக மாற்றிப் பார்த்தான். முப்பத்தெட்டு நாள். கையில் பதின்மூன்று நாள் மிஞ்சும். அம்மா அதை வாங்கித் தன் சுருங்கிய விரலில் நுனிவரை மாட்டிப் பார்த்து, "லட்சணமா இருக்குடா, இதையே எடுத்துடு," என்றாள்.

அவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பழக்கதோஷம், வேறென்ன சொல்ல. "உள்ள குமிழி இருக்கும்மா."

"எங்கடா குமிழி? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நெடுநேரம் தேடினார். பிறகு சிரித்துவிட்டார். "இருக்கு தம்பி, ஊசிமுனை அளவு. முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், வெறுங்கண்ணால இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். ஆனா போடறவங்களுக்கும் தெரியாது, பாக்கறவங்களுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றான் அவன்.

அங்கேதான் பிடித்தது சனி. குமிழி உள்ள கண்ணாடியை ஒன்பது வருஷமாகத் தூக்கித் தொட்டியில் எறிகிற கை, அதைக் கொண்டுபோய் அவள் விரலில் போடாதாம். இரண்டாவது மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுத்தம். ஊற்றுத் தண்ணீர் போல இருந்தது கல். விலை, சரியாக ஐம்பத்தோரு நாள். "ஆணி" என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. அடித்த இடத்தில் நின்றான். ஒரு கல்லுக்குள் ஊசிமுனையைப் பார்த்தவனுக்கு, பக்கத்து நாற்காலியில் பெற்றவள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது தெரியவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. திங்கட்கிழமை காலி இடத்தில் ஐம்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மோதிரம் போட்ட நாள் நன்றாகத்தான் இருந்தது. அம்மா வந்தவர்களிடமெல்லாம், "ஒத்தைப் பைசா கடனில்லாம வாங்கினான் என் புள்ள," என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, சமையலறையில் அம்மா விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "இருதயம் ரொம்ப வீங்கிப் போயிருக்கு. ஒரு வருஷமாவது மூச்சுத் திணறல் இருந்திருக்கணும். நீங்க யாரும் கவனிக்கலையா?" அவன் தரையைப் பார்த்தான். "இனிமே மாசக் கணக்கு இல்லை, நாள் கணக்குதான். முடிஞ்சவரைக்கும் பக்கத்துல இருங்க."

பக்கத்தில் இருக்க வேண்டுமாம். வார்டில் ஆட்களை உள்ளே விடுவது சாயங்காலம் நாலிலிருந்து ஆறு மணிவரை. அவனுக்கு வேலை இரண்டிலிருந்து பத்து மணிவரை.

சூப்பர்வைசரிடம் போய் நின்றான். கெட்ட மனிதர் இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் காட்டி, "நான் என்னய்யா செய்ய?" என்றார். காலை ஷிப்ட் ஆட்களிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். ஒருத்தனுக்குக் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், இன்னொருத்தனுக்குச் சாயங்காலம் வேறு வேலை. ஒரே ஒருவன் அந்த வாரப் புதன்கிழமை ஒரு நாள் மட்டும் மாற்றிக்கொண்டான். வேலையை உதறிவிட்டுப் போகலாமென்றால், அம்மாவின் ஆக்சிஜனுக்கும் ஊசிக்கும் பணம் கட்டுவது கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை. வேலை போனால் அன்றைக்கே அட்டையும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நாலு மணிக்கு மாத்திரைதான் போனாள். மருந்துக்கடைக்காரர் தினமும் இரண்டு மணி நேரம் அவளை விட்டார். அவள் திரும்பி வந்து சொல்வதுதான் அவனுக்கு அம்மா. பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் மாத்திரையின் கையைப் பிடித்து மோதிரத்தைக் காட்டினாளாம். கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாளாம். அவனைக் கேட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை போனான். அம்மா கண்ணைத் திறந்ததும் பதறிவிட்டாள். "ஏன்டா வந்த? லீவு போட்டுட்டியா?"

"இல்லம்மா. இன்னிக்கு ஞாயிறு."

"அப்பச் சரி," என்று கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "உன் பேச்சே கேக்காம இங்க ஒரே அமைதிடா. பிடிக்கல," என்றாள். அவன்தான் வீட்டில் பேசவே மாட்டானே. ஆறு மணிக்கு மணி அடித்ததும் நர்ஸ் வந்து அவனை எழுப்பி அனுப்பினாள். புதனும் ஞாயிறும் சேர்த்து மொத்தம் நாலு மணி நேரம். கிடைத்தது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் மாத்திரை மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இதை வித்துக் காசைக் கம்பெனிக்கே குடுத்துடுங்க. நாளைத் திருப்பி வாங்கிக்கோங்க."

"உன் கை..."

"என் கைக்கு என்ன? முதல்ல போய்க் கேளுங்க. எனக்கு இது எதுக்குங்க இப்போ? அவங்க வாசலைப் பாத்துக்கிட்டே படுத்திருக்காங்க."

திங்கட்கிழமை ஆபீஸ் அக்காவின் மேஜையில் மோதிரத்தை வைத்தான். நாலு நாள் கொடுத்தால் போதும் என்றான். மூன்று என்றான். அவள் மேலே போய் மேனேஜரைப் பார்த்துவிட்டுக் கால் மணி நேரத்தில் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்கின லீவைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் இல்லையாம்ப்பா. நான் சண்டை போட்டுப் பாத்துட்டேன். என் லீவைத் தரலாமான்னுகூடக் கேட்டேன். அதுவும் முடியாதாம்."

அவன் மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். பாட்டில்கள் வந்தன. பதின்மூன்று, பதின்மூன்று என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பதின்மூன்று நாள் கையில் இருந்திருந்தால் ஒரு சாயங்காலம்கூட விடாமல் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். கண் நிறைந்து பாட்டில்கள் கலங்கித் தெரிந்தன. அன்றைக்கு எத்தனை விரிசல் பாட்டில் அவனைத் தாண்டிப் போயிற்றோ, யாருக்குத் தெரியும். செவ்வாயும் அப்படியே போயிற்று. புதனும் வியாழனும் போயின.

வெள்ளிக்கிழமை ஆறரை மணி இடைவேளை. பெல்ட் பக்கம் போனைக் கொண்டுபோகக் கூடாது, அலமாரியில் பூட்டிவைக்க வேண்டும். திறந்தான். மாத்திரையிடமிருந்து ஒன்பது அழைப்புகள். முதலாவது அஞ்சு பத்துக்கு. திருப்பிக் கூப்பிட்டான். அழுகைக்கு நடுவே ஒன்றைத்தான் சொன்னாள்: "கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உங்க பேரைச் சொல்லித்தாங்க கூப்பிட்டாங்க. நான்தான் நீங்கன்னு நெனச்சுட்டாங்க."

சூப்பர்வைசர் தோளைத் தொட்டு, "போய்யா, உடனே கிளம்பு. சாவுக்குக் கம்பெனி மூணு நாள் குடுக்கும், அதுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆபீஸ்ல சீட்டு வாங்கிக்கோ, இல்லைன்னா கேட்ல விட மாட்டாங்க," என்றார்.

ஆபீஸ் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்து சீட்டை எழுதினாள். எழுதும்போதே அழுதாள்.

"இன்னையிலேர்ந்து மூணு நாள். சம்பளம் உண்டு. இங்க கையெழுத்துப் போடுப்பா."

அவன் பேனாவை வாங்கினான். சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இந்த மூணு நாளையும் முன்னாடி போட முடியுமா?"

"முன்னாடின்னா?"

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து. செவ்வாய், புதன், வியாழன். இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு வேலைக்கு வந்துடறேன்."

அவள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அந்த மூணு நாளும் நீ வேலைக்கு வந்துட்டியேப்பா," என்றாள்.

"ஆமாக்கா, வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு அவன் கையெழுத்துப் போட்டான்.