ராக்கம்மா போட்ட புருஷன் வேஷம்

பகாவ் பட்டணத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ராக்கம்மா வேலை பார்க்கிறாள். கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பி நாற்று நடுகிற வேலை. நல்ல உயரம், கனத்த குரல். எந்த விசேஷமானாலும் பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பாள். அதனால், சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயில் மாதர் குழு நாடகம் போட முடிவு செய்தபோது, குடிகாரப் புருஷன் வேஷத்துக்கு வேறு யாரையும் யோசிக்கவே இல்லை. நடிப்பவர்கள் எல்லாருமே பெண்கள்தான்.

அவளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். அவள் புருஷன் சன்னாசி குடித்துவிட்டு அடிப்பவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவன் லாரி விபத்தில் செத்த பிறகுதான் புக்கிட் பெலண்டோக் ஊரை விட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தாள். மகள் ஷாமினி சிரம்பானில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கிறாள். விடுமுறை கிடைத்தால் அம்மாவைப் பார்க்க வருவாள்.

ஒத்திகை வேலை முடிந்த சாயங்காலங்களில், கோயில் மண்டபத்தில் நடந்தது. சொல்லிக் கொடுத்தவர் லோபாக்கிலிருந்து காரோட்டி வரும் சரோஜினிதேவி டீச்சர். மனைவி வேஷம் பக்கத்து வீட்டுக் குமுதவல்லிக்கு. முதலில் ராக்கம்மா சினிமாக் குடிகாரன் மாதிரி தள்ளாடினாள், தூணைப் பிடித்துக்கொண்டு விக்கினாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இது சினிமாவில் பார்த்துப் பழகிய குடிகாரன், நிஜமாக ஒருத்தனை நினைத்துக்கொண்டு செய்துபாருங்கள் என்றார்.

ராக்கம்மா வெளியே போய் மறுபடியும் உள்ளே வந்தாள். இந்த முறை தள்ளாடவில்லை. சன்னாசி என்றைக்கும் தள்ளாடியதில்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி, உடையக் கூடாத பொருளை வைப்பதுபோல மேசைமேல் வைத்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"சாப்பாடு ஆறிடுச்சா?"

குமுதவல்லிக்கு வசனம் மறந்துபோயிற்று. பின்னாலேயே நகர்ந்து சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். டீச்சர், இதுதான் வேண்டும் என்று சொன்னார். அதற்குள் ராக்கம்மா வெளியே ஓடிக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் தன் தொண்டையில் இத்தனை காலம் இருந்திருக்கிறதே என்று அவளுக்குத் திகிலாக இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் தனியாகப் பேசவே பயந்தாள். பூனையை விரட்டக்கூட வாய் திறக்கவில்லை. ஒருநாள் நாற்றுப் பண்ணையில் ஒரு வங்காளதேசப் பையன் தண்ணீர்க் குழாயை மிதித்து உடைத்துவிட்டான். ராக்கம்மா திட்டக்கூட இல்லை. "இங்க வா" என்று தணிந்த குரலில் சொன்னாள், அவ்வளவுதான். அவன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை.

நாடகத்திலிருந்து விலகிவிடலாம் என்று தீர்மானித்து, டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் வற்புறுத்தவில்லை. வேறு ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், இன்றைக்கு மட்டும் குமுதவல்லி பழகுவதற்காக ஒருமுறை செய்யுங்கள் என்றார். அன்றைக்கு ஷாமினி வருகிற நாள். வீட்டில் அம்மா இல்லாததால் அவள் நேரே மண்டபத்துக்கே வந்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டிருக்கிறது.

ஒத்திகை முடிந்து ராக்கம்மா வெளியே வந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மகள் குந்தி உட்கார்ந்திருந்தாள். கண்களை இறுக மூடி, இரண்டு காதையும் பொத்தியிருந்தாள். சின்ன வயதில் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்த அதே மாதிரி.

"ஷாமினி, நான்தான்மா. அம்மாதான்."

அவள் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பா வந்துட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். "செத்துட்டாருன்னு தெரியும். இருந்தாலும் கால் தானா இங்க வந்துடுச்சி."

ராக்கம்மாவும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் இந்த வேஷம் கிடையாது, டீச்சரிடம் அப்போதே சொல்லிவிட்டேன் என்றாள். ஷாமினி புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"அவரு பேசறப்ப நான் கண்ணத் தொறந்ததே இல்லம்மா. ஒரு தடவ பாக்கணும். நீ செய், நான் உக்காந்து பாக்கறேன். நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுவல்ல?"

"நிறுத்திடுவேன்."

இருவரும் உள்ளே போனார்கள். டீச்சர் கிளம்பிப் போயிருந்தார்; மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த குமுதவல்லி பயந்துகொண்டே தன் இடத்தில் நின்றாள். ராக்கம்மா கதவைச் சாத்திய உடனேயே ஷாமினி "நிறுத்து" என்றாள். ராக்கம்மா நின்றாள். மறுபடியும் தொடங்கினாள். கடிகாரத்தைக் கழற்றும்போது நிறுத்தினாள் மகள். அடுத்த முறை சாப்பாட்டைக் கேட்டபோது. கையை ஓங்கும் இடத்துக்கு வந்தபோது ஷாமினியின் உதடு துடித்தது, ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. ஓங்கிய கையை ராக்கம்மாதான் தானாக இறக்கினாள். சன்னாசி ஒருநாளும் அதைச் செய்ததில்லை. இருட்டுவதற்குள் மூன்று பேருமே களைத்துப் போனார்கள். வேஷத்தை நானே போடுகிறேன் என்று ராக்கம்மா டீச்சருக்குப் போன் செய்தாள்.

புத்தாண்டன்று பயம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. மேடைக்குப் பின்னால் ராக்கம்மா வாந்தி எடுத்தாள். வேட்டி கட்டிவிட்ட பெண்ணின் கையை விடவே மாட்டேன் என்றாள். மேடையேறியதும் ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்ணுக்கு மீசை என்று ஒருவன் கத்தினான். அவள் கதவைச் சாத்தி, சாப்பாடு ஆறிடுச்சா என்று கேட்டதும் விசில் நின்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். யாருமே சிரிக்கவில்லை. ராக்கம்மாவுக்கு ஒரு வசனமும் தவறவில்லை.

அடுத்த மாதம் பகாவிலும் அந்த நாடகத்தைப் போடக் கேட்டார்கள். புருஷன் வேஷம் மட்டும் வேண்டாம் என்று ராக்கம்மா உறுதியாகச் சொல்லிவிட்டாள். அதை உயரமான இன்னொரு பெண் ஏற்றுக்கொண்டாள். ராக்கம்மா மீன் விற்கும் பெண்ணாக ஒரே ஒரு காட்சியில் வந்து, விலை பேச வந்தவளைப் படாதபாடு படுத்தினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஷாமினி இரண்டாவது வரிசையில் இருந்து எல்லாருக்கும் முன்னால் கை தட்டினாள்.