கொளஞ்சியம்மாள் கட்டும் வில்

மீன்சுருட்டிச் சந்தைப் பந்தயத்தில் ஒரு பித்தளைக் குடம். செட்டிகுளத்தில், பதினொரு ஆண்கள் தவறவிட்ட எலுமிச்சம்பழத்தை நாற்பது தப்படியிலிருந்து அடித்து, துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், ஒரு முழு வேட்டி; அதை அண்ணன் காசிநாதன்தான் கட்டுகிறார். விஜயதசமியன்று சாமி எய்கிற வில்லைச் செய்து தரும் உரிமை; "பொம்பள தொட்ட வில்லா?" என்று முறைத்தவர்களே மறு வருஷம் வீடு தேடி வந்தார்கள். கடைசியாக, நூற்றிருபது மரமுள்ள முந்திரித் தோப்பின் காவல். உடையார்பாளையத்துக் கொளஞ்சியம்மாள் வென்றவை இவை. ஒவ்வொன்றுக்கும் காசிநாதனிடம் தேதி இருக்கிறது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர்தான். ஆனால் தேதி தவறவிட மாட்டார். தங்கை விஷயத்தில் நிச்சயமாக மாட்டார்.

மூங்கில் கையில் வந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் அதை முகர்ந்து பார்ப்பது. பூச்சி விழுந்த மூங்கில் புளித்த வாடை அடிக்குமாம். வேறு யாருக்கும் அந்த வாடை தெரிவதில்லை. பிறகு கணுக்களைத் தடவி எண்ணுவாள். நடுவில் கணு வந்தால் ஒதுக்கிவிடுவாள். பிளந்து, செதுக்கி, நெருப்பில் காட்டி, முழங்காலில் வைத்து மெல்ல வளைப்பாள். அப்போது யாரும் பேசக் கூடாது. அவள் மட்டும் மூங்கிலோடு பேசுவாள். "தோல் பக்கம் வெளிய, சதைப் பக்கம் உள்ள. மாத்திக் கட்டுனா ஒடிஞ்சு நம்ம மூஞ்சிலதான் அடிப்பே, தெரியும்டி."

எல்லா வில்லும் ஒன்றென்று நினைப்பவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். கடலைக் கொல்லையைக் கிளறும் காட்டுப் பன்றிக்கு அம்பு வில்: கனத்த மூங்கில், மருள் செடியின் நாரில் முறுக்கிய ஒற்றை நாண். பெரம்பலூர்ப் பக்கம் பஞ்சு கொட்டுகிறவர்கள் கேட்பது ஆளுயர வில். அது எதையும் எய்யாது. நாணைக் கட்டையால் தட்டினால் அதிர்ந்து, அடைந்து கிடக்கும் பஞ்சை நுரையாக்கிவிடும். கோயில் வில் பார்க்கத்தான் பெரியது, விரலால் இழுத்தால் வளையும். "எய்யறது சாமி பேருல, இழுக்கறது குருக்களு. அவருக்குக் கை நோவக் கூடாது பாருங்க."

அவளுக்கு உயிர் சுண்டுவில்தான். இரட்டை நாண், நடுவில் நாரால் பின்னிய சிறு தூளி. அம்புக்குப் பதில் அதில் காய்ந்த களிமண் உருண்டை. முந்திரிப் பழத்துக்கு வரும் கிளியையும் அணிலையும் அது கொல்லாது, கிளை அதிர விரட்டும். விடுகிற நொடியில் வில் பிடித்த இடது மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பிவிட வேண்டும். மறந்தால் உருண்டை தன் கட்டைவிரலிலேயே இறங்கும்.

இருபது வருஷத்தில் அவள் மறந்தது ஒரே ஒரு முறை. தோப்புக் காவலை அடுத்த வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அத்தை மகன் அங்கமுத்து வேலியோரம் வந்து நின்றார். அவரும் அந்தக் காவலைக் கேட்டிருந்தார். கொளஞ்சி கண்ணைச் சுருக்கிக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் விடு கொளஞ்சி. அதுக்குள்ள கிளி கெழவியாயிரும்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே விட்டாள். மணிக்கட்டு திரும்பவில்லை.

"கிளி பொழச்சுக்கிச்சு மச்சான், நான் மாட்டிக்கிட்டேன்" என்று விரலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

மறுநாள் தோப்புக்காரரின் ஆபீஸில் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. குமாஸ்தா கிருஷ்ணமூர்த்தி, வீங்கி வெடித்த கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தினார். காகிதத்தில் ஒரு கறைதான் விழுந்தது.

"இது ரேகையா, மிதிச்ச நவ்வாப்பழமாம்மா? போன வருஷ ரேகையோட ஒத்துப் போகணும். முதலாளி ஏத்துக்க மாட்டாரு."

"வெரலு ஆறுனதும் வரேங்க சார்."

"இன்னியோட கடைசி. ஒண்ணு, கையெழுத்துப் போடு. இல்லேன்னா அங்கமுத்து நிக்கிறாரு."

அங்கமுத்து ஏற்கெனவே கட்டைவிரலில் மை தொட்டு வைத்திருந்தார்.

கொளஞ்சிக்கு அந்தத் தோப்பு வெறும் காவல் இல்லை. மூங்கில் பிளப்பதும் வில்லைச் சோதிப்பதும் அந்த நிழலில்தான். வீட்டில் அதற்கு இடமில்லை. கூட வந்திருந்த காசிநாதன் அவசரமாகப் பென்சிலை எடுத்தார். குமாஸ்தா கையை நீட்டித் தடுத்தார். "நீங்க எழுதிக் காட்டுனா அது உங்க கையெழுத்துங்க."

எழுத்து அவள் கைக்குப் புதியதல்ல. வில் கேட்டவர்கள் சீட்டில் தரும் பெயரைப் பார்த்து, காய்ச்சிய கம்பியால் அப்படியே மூங்கிலில் சுட்டுத் தருவாள். சீட்டு இல்லாமல் ஒரு கோடுகூட இழுத்ததில்லை.

"என்னாம்மா, ஊரு பேரையெல்லாம் சுட்டியே" என்றார் காசிநாதன்.

"எம்பேருல யாருண்ணே வில்லு கேட்டா?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. "செந்துறை கொளஞ்சிநாதன் வில்லு... அதுல முன்பாதி. நம்ம கலியம்மாளு வில்லு... அதுல பின்பாதி."

பேனாவைக் கம்பியைப் போல முஷ்டியில் பிடித்தாள். முள் கிறீச்சிட்டுப் பிளந்தது. எட்டு எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு நெல்லிக்காய் அளவு. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. குமாஸ்தா எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். தலையசைத்தார்.

"அடியாத்தி!" என்றார் அங்கமுத்து. மை தொட்ட கட்டைவிரலைத் தன் தலைமயிரில் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

கொளஞ்சி, சுட்ட மூங்கிலின் கரியை ஊதுவதுபோல், குனிந்து ஈரம் காயாத தன் பெயரை ஊதினாள்.

"தேதிய மட்டும் நான் போடறேனே சார்" என்று கேட்டு, அதன் கீழே காசிநாதன் நிதானமாக எழுதினார்: 1946ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 11ஆம் தேதி, திங்கட்கிழமை.