தகட்டில் நூறு

என் தங்கச்சியும் அவளுடைய பிள்ளையும் சுனாமியில் போனார்கள். அவளுடைய புருஷன் மட்டும் ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினான். செத்த வீட்டில்கூட நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இவன் என்ன மண்ணாங்கட்டிக்கு உயிரோடு இருக்கிறான் என்றுதான் மனம் கொதித்தது.

அடுத்த வருடம் வாழைச்சேனைப் பக்கத்து ஐஸ் பக்டரி ஒன்றைத் திரும்ப ஓட்டப் பார்த்தார்கள். அவன் மெஷின் ஓட்டுகிறவன், நான் எலெக்ட்ரீஷியன். அந்த வேலை ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். திறப்பு நாளில் மெஷின் ஓடாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

எங்கிருந்தோ ஒரு பழைய ட்ரான்ஸ்போமர் வந்திருந்தது. அதன் அளவு பொறித்த தகட்டில் நூறு கேவீஏ. அவன் மோட்டர்களின் கிலோவாட்டைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"தொண்ணூறுதான் வருது. காணும்தானே மச்சான்?"

காணாது, போதவே போதாது. மோட்டர் வேலைக்கு எடுக்கிற கரண்டோடு, தன் காந்தத்தை எழுப்ப மேலதிகமாகவும் இழுக்கும். ட்ரான்ஸ்போமரின் சுருளுக்கு அந்த வித்தியாசம் கிடையாது, எந்தக் கரண்ட் ஓடினாலும் சுடும். அதனால்தான் அதன் அளவைக் கிலோவாட்டில் போடாமல் கேவீஏயில் போடுகிறார்கள். இழுக்கிறதில் வேலைக்குப் போகிற பங்கைத்தான் பவர் பக்டர் என்பார்கள், எங்கள் மோட்டர்களுக்கு அது 0.7. தொண்ணூறை அதால் வகுத்தால் நூற்றிமுப்பதுக்குக் கிட்ட வரும். அந்த மேலதிக இழுப்பைக் குறைத்து வைத்திருந்த கபாசிற்றர் பெட்டியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இவ்வளவும் எனக்குத் தெரியும்.

"நூறுக்குள்ளதானே கிடக்கு, போடு" என்றேன்.

பியூஸ் எரியும், மெஷின் நிற்கும், எல்லாருக்கும் முன்னால் வெட்கப்பட்டு வேலையை விட்டுப் போவான். போகட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

திறப்பு நாளில் பியூஸ் எரிந்தது. மாற்றினான், திரும்பவும் எரிந்தது. சண்டைக் காலத்தில் பியூஸ் கம்பி கிடைக்காமல், கையில் அகப்பட்ட செப்புக் கம்பியைச் சுற்றிப் பழகிய சனம் நாங்கள். அவனும் லேசில் எரியாத தடித்த கம்பி ஒன்றைச் சுற்றினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின் ஓடியது, எல்லாரும் கைதட்டினார்கள். பின்னேரம் ட்ரான்ஸ்போமரின் எண்ணெய் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு பீறியது. சுவிட்சை இழுக்க ஓடியவன் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையும் கண்ணும் கட்டுப்போட்டுக் கிடந்தான். என் குரல் கேட்டதும் தலையைத் திருப்பினான்.

"நான்தான் மச்சான் கணக்கப் பிழைச்சுப்போட்டன். கடல் வந்த அண்டைக்கும் அப்பிடித்தான். ஒரு கையால மரம், மற்றக் கையால அவளும் பிள்ளையும். ஒரு கை காணுமெண்டு நினைச்சன்."

உண்மை வாய்வரை வந்தது.

"ஓம், உன்ட பிழைதான்" என்றேன்.