படகுத் துணைக்கு வந்தவள்

துவக்குப் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு எங்கள் அனலைதீவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயது. ஊர்காவற்றுறையில் ஒரு பழைய மண்டபத்தில் எயார் ரைபிள் சுடப் பழக்கும் கழகம் ஒன்று தொடங்கியிருப்பதாகவும், பதின்மூன்று வயதானவர்கள் சேரலாம் என்றும் பள்ளிக்கூடத்து அறிவித்தல் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். அதை மூன்று முறை வாசித்தேன். ஓட்டத்தில் நான் கடைசி. வலைப்பந்தில் என்னிடம் யாரும் பந்து தருவதில்லை. அசையாமல் நின்றபடியே வெல்லக்கூடிய விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டில் அது அவ்வளவு எளிதாக இல்லை. அப்பா படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் துவக்கைக் கண்டு ஓடினனாங்கள். இப்ப கடிதம் குடுத்துப் பிடிக்கப் போறியோ?"

"இது ஆளைச் சுடுற துவக்கு இல்லை அப்பா. கடதாசியைச் சுடுறது."

கிராம சேவையாளரும் படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். அம்மாவுக்குத் துவக்கு ஒரு பொருட்டே இல்லை. அவவின் கவலையெல்லாம் படகுதான். பெண்பிள்ளை தனியாகக் கடல் கடந்து போகக் கூடாது. சின்னம்மாவின் மகளும் கூட வந்தால் போகலாம் என்றா.

சின்னம்மாவின் வீடு எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம். அவவின் மகள் என்னைவிட மூன்று மாதம் இளையவள். பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் மட்டும் என்னை அக்கா என்பாள். அவளுக்குப் படகு ஒத்துவராது. ஏறிய பத்தாம் நிமிடத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுப்பாள். அப்படியிருந்தும் நான் கெஞ்சினதற்காக ஓம் என்றாள். ஆக, அவள் என் துணைக்கு வந்தவள். துணைக்கு வந்தவள் சும்மா இருக்கக் கூடாது என்று அவளுக்கும் ஒரு படிவம் நிரப்பினோம்.

முதல் சனிக்கிழமை, கழகத்தில் பழக்கும் ரீச்சர் எங்களுக்குத் துவக்கைத் தரவேயில்லை. கொழும்பில் பல வருடம் சுட்டு, பரிசுகள் எடுத்துத் திரும்பி வந்தவ அவ. குழல் எப்போதும் இலக்குப் பக்கம்தான் பார்க்க வேண்டும், சுடப்போகும் வரை விரல் விசையில் படக் கூடாது, துவக்கு மண்டபத்து இரும்பு அலுமாரியை விட்டு வெளியே போகக் கூடாது. இவற்றை எங்கள் வாயால் சொல்ல வைத்தா. அடுத்த சனிக்கிழமை மேசையில் மணல்மூட்டை வைத்து, அதில் துவக்கைச் சாய்த்துச் சுடவிட்டா.

"மூச்சைப் பாதி விட்டிட்டு நிப்பாட்டும். விசையை இழுக்கக் கூடாது, மெல்ல அமத்த வேணும்" என்றா.

நான் பத்துக் குண்டு சுட்டேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று. புதியவருக்கு அது நல்லதுதான் என்று ரீச்சர் முதுகில் தட்டினா. எனக்குத் தலை மண்டபத்துக் கூரையில் முட்டியது. பிறகு சின்னம்மாவின் மகள் சுட்டாள். முகம் இன்னும் வெளிறிப்போய், சத்திக்குச் சப்பிய தேசிக்காய் மணத்தோடு வந்து இருந்து சுட்டாள். எழுபத்திரண்டு.

ரீச்சர் அந்த அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தா. "பாத்தியளோ, கை கொஞ்சமும் நடுங்கேல்லை" என்று எல்லாருக்கும் காட்டினா. அந்த அட்டையின் ஓட்டைகளுக்குள்ளால் வெயில் வந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. எல்லா ஓட்டையும் கறுப்பு வட்டத்துக்குள்.

அன்று தொடங்கியது. வீட்டில் நான் விளக்குமாற்றுக் கட்டையைத் தோளில் வைத்து, கிணற்றுக்கட்டில் இருக்கும் காகத்துக்குக் குறி பார்ப்பேன். மூச்சை அடக்கி அடக்கித் தலை சுற்றும். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஒன்றும் பழகாமல் தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை வந்தால் நான் ஐம்பத்தாறு, அவள் எழுபத்தொன்பது. நான் அறுபத்துமூன்று, அவள் எண்பத்துநான்கு. நான் ஏறும் படியெல்லாம் அவள் ஏறி முடித்த படியாகவே இருந்தது. படகில் அவள் சத்தி எடுக்கும்போது தலையைப் பிடித்துக்கொள்வேன். பிடித்துக்கொண்டே, இன்றைக்காவது இவளுக்குக் கை நடுங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அம்மாவே ஒரு நாள் கடையில் நின்று, "தங்கச்சியின்ரை பிள்ளை நல்லாச் சுடுறாளாம். எங்கடையும் துணைக்குப் போறவள்" என்று சொன்னதைக் கேட்டேன். கையில் இருந்த சீனிப் பையை நிலத்தில் போட்டுவிட்டு நடந்தேன்.

யாழ்ப்பாணத்தில் கழகங்களுக்கிடையே போட்டி வந்தது. எங்கள் கழகத்துப் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் இடம். அடுத்த சனிக்கிழமை சுட்டுப் பார்த்துத் தெரிவு செய்வதாக ரீச்சர் செய்தி அனுப்பினா. எங்கள் இருவருக்கும் கழகத்தில் கொடுத்திருந்தது அம்மாவின் தொலைபேசி இலக்கம்தான். செய்தியை முதலில் பார்த்தது நான். பார்த்துவிட்டு அழித்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலிக்கு மேலால் அவளைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குப் பழக்கம் இல்லையாம். ரீச்சருக்குக் காய்ச்சலாம்."

"நல்லதாப் போச்சு. ஒரு கிழமை சத்தி எடுக்காமல் இருக்கலாம்" என்று சிரித்தாள்.

அடுத்த நாள் காலை, அவள் முன்னாலே இறங்குதுறைக்குப் போய்விட்டாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அம்மா புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும் அவசரத்தில் இருந்தா. முதல்முறையாகத் தனியாகக் கடலைக் கடந்தேன். ரீச்சர் மற்றவள் எங்கே என்று கேட்டா. "அவளுக்கு விருப்பமில்லையாம் ரீச்சர், இனி வரமாட்டாளாம்" என்றேன். பக்கத்து ஊரான சுருவிலில் இருந்து வரும் இரண்டு பெண்பிள்ளைகளும் நானும் சுட்டோம். ஆச்சரியம் என்னவென்றால் எனக்குக் கை நடுங்கவேயில்லை. எழுபத்தாறு. என் வாழ்க்கையிலேயே கூடியது அதுதான். இடம் எனக்கு.

திரும்பி இறங்கியபோது அவள் சைக்கிளில் மீன் வாங்க வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள். ஈயக் குண்டு பிடித்தால் விரல் நுனி கறுக்கும். சைக்கிளைத் திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டா. அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டு, சின்னம்மாவையும் மகளையும் கூப்பிட்டா. ரீச்சர் தேத்தண்ணியைத் தொடாமல் நேரே அவளிடம் கேட்டா.

"விருப்பமில்லாட்டிப் பரவாயில்லை பிள்ளை. ஆனா அதை நீர் உம்மடை வாயால சொல்ல வேணும். பேர் அனுப்ப இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. நீர் வந்து சுட்டா மாத்தி எழுதலாம்."

"நேற்று இவள் வரேல்லையோ?" என்று அம்மா திடுக்கிட்டா. "ரெண்டு பேரும் சேர்ந்துதானே போனவை?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான் இறங்குதுறை மட்டும் போனனான் பெரியம்மா" என்றாள் அவள். குரலில் ஓர் அசைவும் இல்லை. "படகைக் கண்டதும் சத்தி வாற மாதிரி இருந்தது. திரும்பி வந்திட்டன். எனக்கு இது வேண்டாம் ரீச்சர். அக்கா போகட்டும்."

ரீச்சர் என்னை நெடுநேரம் பார்த்தா. பிறகு படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். பொய் சொல்வதிலும் இவள் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று நினைத்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, எனக்குத் திருமணமாகி, அவளும் வெளிநாடு போன பின்னர், அன்று ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று தொலைபேசியில் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் உண்மையைச் சொல்லியிருந்தா பெரியம்மா உன்னைப் படகில ஏறவிட்டிருக்க மாட்டா. நீ போகாட்டி என்னையும் அம்மா தனிய விடமாட்டா. ஒருத்தியாவது போகட்டும் எண்டு நினைச்சன். வேறை ஒண்டுமில்லை."

நாங்கள் இருவரும் ஒரே படகில்தான் போக முடியும் என்பது பதின்மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு கணத்துக்குள் அவள் அவ்வளவையும் கணக்குப் பார்த்திருக்கிறாள்.

அன்றைய யாழ்ப்பாணப் போட்டிக்கும் அம்மா அவளைத்தான் துணைக்கு அனுப்பினா. பதினொரு பேரில் நான் ஒன்பதாவது. பார்வையாளர் வாங்கில் இருந்து அவள் கை தட்டினாள். பங்குபற்றியவர்கள் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பும் பேருந்தில் அதைக் கொஞ்சம் பார்க்கத் தா என்று கேட்டாள். கொடுத்தேன். பண்ணைப் பாலம் தாண்டியும் அவள் அதைத் திருப்பித் தரவில்லை. மடியில் விரித்து வைத்து, என் பெயர் எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊர்காவற்றுறை வரும்வரை திரும்பவேயில்லை.

கடைசியில் அவளுக்கு என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.