பெண்கள் உள்பட

அரியலூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு மாடியில் இருந்த இணைய மையத்தை நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது கணினி அல்ல; கணினியின் மேல் போர்த்தியிருந்த சேலைத் துண்டு. அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம் போட்ட பழைய நூல் சேலை. அதை அளவாகக் கிழித்து, ஓரம் அடித்து, ஒவ்வொரு திரைக்கும் முக்காடு போல, மையத்தை நடத்திய அக்கா போட்டு வைத்திருந்தார். சிமென்ட் லாரிகள் ஓயாமல் போகும் சாலை அது; சன்னலைச் சாத்தினாலும் வெள்ளைப் புழுதி விசைப்பலகையின் இடுக்குகளில் ஏறிவிடும். காலையில் கடை திறந்ததும் அக்கா அந்தத் துண்டுகளை மாடியிலிருந்து உதறுவார். கீழே பழக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “உங்கம்மா குவாரியில தின்ன புழுதிய எந்தலையில கொட்டுறியே புள்ள” என்பார். “நீங்களும் கொஞ்சம் தின்னு பாருங்க மாமா” என்பது அக்காவின் பதில். பெரும்பாலான காலைகள் இப்படித்தான் தொடங்கின.

அவரை ஊரே ‘பிரவுசிங் அக்கா’ என்றுதான் அழைத்தது. நான் அப்போது வரலாற்றில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரியலூருக்கு இன்னொரு பேருந்து. எங்கள் பாடநூல்களில் பெண்கள் என்றால் அரசிகள், அல்லது அரசர்களின் தாய்மார்கள். அதற்கு வெளியே இருந்தவர்களைத் தேடித்தான் அந்த மாடிப்படி ஏறுவேன். இன்றைய மாணவிகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்: தமிழில் பெண்களைப் பற்றி ஒரு பக்கம் அகப்பட்டாலும், உரிய எழுத்துரு இல்லையென்றால் திரை முழுவதும் வெறும் கட்டங்களாகத் தெரியும். அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, அந்த எழுத்துருவை எங்கிருந்தோ இறக்கிக் கொடுப்பார். கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்தாக மாறும் அந்தக் கணத்துக்காக நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். என்னுடைய அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருக்கும். அவர் எழுப்பமாட்டார்.

அப்படிப் படித்துப் படித்துத்தான் அவருக்கு ஓர் ஆசை வந்தது. எவர் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இணையத்தில் இருந்தது. அதில் தன் அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்றார். அம்மா சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர். வெயில் தாங்காமல், நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு அடியில் துணி விரித்துக் குழந்தைகளைப் படுக்கவைப்பது அங்கே வழக்கம். ஒருநாள் ஓட்டுநர் கவனிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். சக்கரம் ஒரு கைக்குழந்தையின் அருகே உரசிக்கொண்டு போயிற்று. மறுநாள் அந்தக் குழந்தையின் தாய் மற்றப் பெண்களைத் திரட்டிச் சாலையில் உட்கார்ந்தார். பிள்ளைகளைப் படுக்கவைக்க ஒரு கொட்டகை கேட்டார். கொட்டகை வந்தது. அந்தக் குழந்தைதான் அக்கா.

கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். அது ஏறிய சில நாட்களில் மேலே ஓர் அறிவிப்பு வந்தது: சான்று தேவை, இல்லையேல் நீக்கப்படும். அந்த விதியை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். சான்று கேட்காத களஞ்சியத்தில் பொய்யும் மெய்யும் ஒரே வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அம்மாவுக்கு அப்போதே கல்தூசியால் மூச்சிரைப்பு முற்றியிருந்தது. அவர் கண்ணால் பார்க்கும்படி அந்தப் பக்கம் நிலைக்கவேண்டும் என்பதே அக்காவின் கவலை. அலைந்து திரிந்து, ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் பழைய செய்தித்தாள் நறுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தோம். நான்கே வரிகள். ‘குவாரி சாலையில் மறியல், பெண்கள் உள்பட பலர் கலந்துகொண்டனர்.’ பெயர் எதுவும் இல்லை. எனக்குக் கோபம் பொங்கியது. வரலாறு பெண்களை விழுங்கும் விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று படியிறங்கும்போதே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன்.

அன்று மாலை அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினோம். கட்டிலில் சாய்ந்திருந்த அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“உள்படவா? ஆம்பளைங்க யாருடி வந்தாங்க? டீக்கடையில நின்னு வேடிக்கையில்ல பாத்தாங்க.”

பெயர்களை ஏன் எழுதவில்லை என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் முழுவதையும் சொன்னார். மறியலில் நிறுத்திய லாரியின் பின்புறக் கொக்கியில் அவர் தூளியைக் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு எந்த ஓட்டுநரும் வண்டியில் ஏறத் துணியவில்லை. ஏட்டு வந்து பெயர் கேட்டார். பெயர் வெளியே போனால் மறுநாள் காண்ட்ராக்டர் வேலைக்குச் சேர்க்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“தூளியில கெடந்தவ பேரச் சொன்னேன். பக்கத்துல இருந்தவ பாத்தா, அவளும் அதையே சொன்னா. அப்பறம் அத்தன பேருக்கும் அதான் பேரு. பால் குடிக்கிற புள்ளய யாரு புடிச்சிக்கிட்டுப் போவா?”

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டாராம். அவரிடம் கேட்டு எழுதிய நிருபருக்கும் ‘பெண்கள் உள்பட’ என்பதற்கு மேல் எதுவும் கிடைத்திருக்காது. என் சொற்பொழிவு அப்படியே நின்றுபோயிற்று. பத்திரிகை அவர்களைக் கூட்டத்தில் ஒரு பகுதியாகச் சுருக்கியது உண்மை. அந்தப் பெயரின்மை அவர்களே கட்டிக்கொண்ட கொட்டகை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத எனக்கு அப்போது தெரியவில்லை.

கட்டுரையில் அம்மாவின் பெயரை அப்படியே வைத்திருக்கலாமா என்று அக்கா கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “என் பேர மட்டும் போட்டா, கூட உக்காந்தவளுங்க எங்க போவாளுங்க?”

அந்த நான்கு வரி சான்றாகப் போதவில்லை; கட்டுரை நீக்கப்பட்டது. அக்கா இலவசமாகக் கிடைத்த ஒரு வலைப்பூவில் தானே எழுதினார்: அந்த மறியலில் இருந்தவர்கள் பெண்கள் மட்டுமே, கேட்டவர்களிடம் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். கீழே அந்தப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மாடிக்குத் தூக்கிவந்தோம். அவர் கணினியின் முக்காட்டை விலக்கி, அந்தத் துண்டாலேயே திரையைத் துடைத்து, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். தூளி கட்டிய சேலை இதுதானா என்று கேட்டேன். “அது எப்பவோ கரித்துணியாப் போச்சி” என்றார்.

இப்போது நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பெண்கள் வரலாறு கற்பதற்கான இணையப் பக்கங்களை மாணவிகளோடு சேர்ந்து திரட்டி வருகிறோம். கட்டங்கள் தெரிந்த காலம் போய்விட்டது. ஒரு சொல்லைத் தட்டினால் ஒலிப்பதிவுகள், படங்கள், நேர்காணல்கள் வந்து குவிகின்றன. ஆனால் அக்காவின் வலைப்பூவைத் தேடினால் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. அந்தச் சேவையை நடத்தியவர்கள் அதை எப்போதோ மூடிவிட்டார்கள். அம்மா காலமாகிவிட்டார். அக்கா கடையை மூடிவிட்டு மகளோடு கோவையில் இருக்கிறார். அன்று வலைப்பூவிலிருந்து நான் அச்செடுத்து வைத்திருந்த தாளைப் பார்த்து ஒரு மாணவி மறுபடி தட்டச்சு செய்தாள். கடைசியில் நிமிர்ந்து, சான்று என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டாள்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். இனி எவருக்கும் வேலை போகப் போவதில்லை, அம்மாவின் பெயரை எழுதலாமா என்றேன்.

“வேணாம்டி. எல்லாரும் சேந்து சொன்ன பேரு இருக்குல்ல, அதையே போடு. கேஸ் வந்தா நான் பாத்துக்கிறேன். அப்பயும் நான்தானே பாத்தேன்.”

அந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறது. சான்று என்ற இடத்தில், ‘சொன்னவர்: தூளியைக் கட்டியவர்’ என்று எழுதச் சொன்னேன். மாணவிகள் போனபின் கணினியை மூடி, கடை காலி செய்த அன்று அக்கா கொடுத்த அரக்குச் சேலைத் துண்டை எடுத்துப் போர்த்தினேன். பெரம்பலூரில் அவ்வளவு புழுதி இல்லை.