எலிமருந்து விற்றவனின் வயிற்றுக் கலக்கம்

பூச்சிமருந்துக் கடையில் நிற்கிறவன் பூச்சியைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. மருந்தை வாங்கிப் போகிற ஆளைப் பற்றித்தான் கவலைப்படுவான். எழுபதுகளின் கடைசியிலிருந்து சில வருஷம் காரைக்கால் கடைத்தெருவில் அப்படி ஒரு கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். எலி, மூட்டைப்பூச்சி, கரையான், முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி என்று எது தொல்லை கொடுத்தாலும் எங்களிடம்தான் வருவார்கள். அந்த மருந்து தப்பித் தவறி ஒரு மனுஷ வயிற்றுக்குள் போய்விடுமோ என்ற பயம் மட்டும் என்னை விட்டதில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்தவர்களுக்கு இது புரியும்.

ஆள் பார்த்து விற்பது

முகம் வாடியிருப்பவருக்கு எலிமருந்து கிடையாது என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம். எதற்கு, வீட்டில் குழந்தை உண்டா, நாய் உண்டா, எங்கே வைப்பீர்கள், மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் முதலாளிக்கு முகம் சிவந்துவிடும். கோட்டுச்சேரியிலிருந்து வந்த விவசாயி ஒருவர், வீட்டில் நெல் மூட்டையை எலி கடிக்கிறது என்று மருந்து கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பறந்தார். அவசரம் என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வீட்டில் ஏதாவது மனக்கசப்பா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எலிக்கு மருந்து வாங்க வந்தேனா, உங்க வீட்ல பொண்ணு கேட்டு வந்தேனா? இத்தனை விசாரிக்கிறீங்க!"

கூடைக்கார அம்மா

திருவேட்டக்குடியிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வரும் ஓர் அம்மா, மூட்டைப்பூச்சிப் பொடியை வாரம் தவறாமல் வாங்குவார். எப்போதும் சிரித்த முகம், அதனால் என் சட்டத்தில் சிக்கவில்லை. இவ்வளவு பொடிக்கும் சாகாத மூட்டைப்பூச்சி எந்தக் கட்டிலில் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். மூட்டைப்பூச்சி இல்லையாம், ஈயாம். மணலில் மீனைக் காயப்போடும்போது மேலே லேசாகத் தூவினால் ஓர் ஈ அண்டாதாம்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அன்று மதியம் நான் சாப்பிட்ட குழம்பு, அந்த அம்மாவிடம் வாங்கிய கருவாட்டில் வைத்தது. இனிமேல் பொடி கிடையாது, பழைய கொசுவலையைப் போட்டு மூடுங்கள் என்று கத்தினேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மாவுக்கே இரக்கம் வந்துவிட்டது. "பயப்படாதீங்க தம்பி. விக்கிற கருவாட்டுக்குத்தான் தூவுறது. நாங்க திங்கிறதைத் தனியா காய வச்சுக்குவோம்."

குடிலுக்குள் ஒரு வடை

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். தெருவே அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். கிறிஸ்துமஸுக்குக் கூடத்தில் வைக்கோல் பரப்பி அவர் வைக்கும் இயேசு பிறப்புக் குடிலைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். வைக்கோலுக்குள் எலி புகுந்துவிட்டது என்று மருந்து வாங்கிப் போனார். பண்டிகையன்று காலை பூசை முடிந்து வாழ்த்துச் சொல்லப் போனேன். மருந்தை எங்கே வைத்தீர்கள் என்று வழக்கம்போல் கேட்டேன். மசால் வடைக்குள் வைத்து, பொம்மை ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் வைத்ததாகச் சொன்னார். குனிந்து பார்த்தேன். வடையைக் காணோம்.

குடிலைச் சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோருமே எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னேன். கேக், முறுக்கு, மறுபடியும் கேக். ஒரு பிள்ளை பயந்து அழுதது. நானும் அழுகிற நிலையில்தான் இருந்தேன். பெரியவர் வைக்கோலை வாரி வெளியே போட்டார். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் சுரூபத்தின் காலடியில் எலி விறைத்துக் கிடந்தது, பக்கத்தில் மீதி வடை. நல்ல மரணம் வேண்டி நாங்கள் கத்தோலிக்கர்கள் மன்றாடுவது சூசையப்பரிடம்தான். பெரியவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சொன்னார்: "குடுத்து வச்ச எலி தம்பி. இவரு காலடியில சாகணும்னுதான் நான் தினம் செபம் பண்றேன்."

பொறியும் கையுமாக

கோவில்பத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குக் கண் வீங்கியிருந்தது. தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மாறவில்லை. எலிமருந்து கேட்டாள். ஊர் கோவில்பத்து என்று மட்டும் சொன்னாள். மருந்து தீர்ந்துவிட்டது என்றேன். அவள் கண்ணெதிரே அலமாரியில் அது அடுக்கியிருந்தது. ஓர் எலிப்பொறியை எடுத்து அவள் கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் கொடுப்பான். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவில்பத்தில் தெருத் தெருவாகச் சுற்றினேன். எந்த வாசலிலாவது கூட்டம் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். கடைசித் தெருவில், பஸ் வரும் இடத்தில், அவள் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு துணிப்பை, கையில் அந்தப் பொறி. பொறி காலியாக இருந்தது. எலி விழவில்லையா என்றேன், வேறென்ன கேட்பது? அவள் பொறியை என்னிடம் நீட்டினாள். "விழுந்துச்சு அண்ணே. வெளிய வர்றதுக்கு முட்டிக்கிட்டே இருந்துச்சு. பாக்கப் பாக்க எனக்கு என்னமோ பண்ணுச்சு, தொறந்து விட்டுட்டேன். நானும் அம்மா வீட்டுக்குப் பொறப்பட்டுட்டேன்."

எலியைக் கொல்லச் சம்பளம் வாங்கிய நான், ஓர் எலி தப்பிப் போன சந்தோஷத்தில் அன்று சாப்பிடாமலே வயிறு நிறைந்து கடைக்குத் திரும்பினேன்.