நேரடியாகப் போட்ட கப்பல் டிக்கெட்

கப்பலில் போக வேண்டும் என்று என் மனைவி கேட்டபோது அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்தில் திங்களும் வியாழனும் டயாலிசிஸில் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். மதுரை வெயிலில் முக்கால் லிட்டர் என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைப்பாள். மாத்திரைக்கும் காபிக்கும் அதிலிருந்தே எடுப்பாள். சாயங்காலம் மிச்சம் இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பாள். ராமேசுவரம் தவிர வேறு கடலை அவள் பார்த்ததில்லை. "கரையே தெரியாத எடத்துல போயி நின்னு பாக்கணுங்க. குடிக்கத்தான் முடியாது, பாத்துட்டாவது வாரேன்" என்றாள்.

நாள் கணக்கையும் அவளே போட்டு வைத்திருந்தாள். சென்னையில் வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பும் கப்பல் ஒன்று இருக்கிறதாம். "வியாழக்கிழமை முடிச்சிட்டுக் கெளம்புனா, திங்கக்கிழமை வந்து படுத்துக்கிறலாம்" என்றாள். எங்கே கேள்விப்பட்டாய் என்று நான் கேட்கவில்லை. மாட்டுத்தாவணியில் இருக்கிற டிராவல்ஸ்காரரிடமே போடுங்கள் என்றும் சொன்னாள். சரி சரி என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவளுடைய நோய் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பது என் உத்தரவு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம். தாய்க்குக் கிட்னி போய்விட்டது என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று முடிவு கட்டி ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "மறைச்சுச் செய்யிற கல்யாணம் எனக்கு வேணாம்ப்பா" என்று மகளே சொன்னாள். வாயை மூடு என்றேன்.

டயாலிசிஸுக்காக மனைவியின் இடது கையில் ஒரு ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ரத்தம் விறுவிறுவென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். அதை மறைக்க முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டாள். இந்த வேக்காட்டில் முழுக்கையா என்று கேட்டவர்களிடம், மகள் எடுத்துக் கொடுத்த பேஷன் என்றாள். வாரம் இரண்டு நாள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு நான் ஒரு பதில் தயார் செய்தேன்: கீழக்குயில்குடியில் வீடு கட்டுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் "வீடு எம்புட்டு வந்திருக்குண்ணே?" என்று விடாமல் கேட்டதில், இல்லாத அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு, நிலை வைத்து, இரண்டு வருஷத்தில் சென்ட்ரிங் வரை கொண்டுவந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலும் அவளை வாசலில் இறக்கிவிட்டு, தள்ளி இருந்த ஒரு டீக்கடையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் இருந்ததே இல்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது?

இப்படிப்பட்டவனைத்தான் அவள் டிராவல்ஸ்காரரிடம் அனுப்பினாள். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் அவருக்கு ஆபீஸ். காசி யாத்திரைக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர். யார் வீட்டு அஸ்தி எந்தப் படித்துறையில் கரைந்தது என்பது வரை அவருக்கு அத்துப்படி. அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் மேலூர் போய்ச் சேர்ந்துவிடும் என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன். கப்பல் என்றதும் நோட்டை எடுத்துக்கொண்டார்.

"அக்காவுக்கு சுகர் இருக்கா சார்? பிரஷர்? ஆபரேஷன் ஏதாச்சும் நடந்திருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லிருங்க. டாக்டர் லெட்டர் ஒண்ணு முன்கூட்டியே அனுப்பிட்டா அங்க பேச்சே இருக்காது."

பேனாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. "நான் கேட்டது கப்பல் டிக்கெட்டு. நீங்க சம்பந்தம் பேச வந்தவுக மாதிரி விசாரிக்கிறீங்க" என்று எழுந்துவிட்டேன். "உக்காருங்க சார், கோவப்படாதீங்க" என்று அவர் மாடிப்படி வரை வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து செல்போனிலேயே நேரடியாகப் போட்டுவிட்டேன். கப்பலின் படத்தில் ஜன்னல் உள்ள அறை எதுவென்று விரலால் தொட்டால் போதும், அறை நம்முடையது. கடைசியில் அவர் கேட்ட அதே கேள்வியை அதுவும் கேட்டது: பயணிக்கு ஏதேனும் நோயோ தொடர் சிகிச்சையோ உண்டா? நான் தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் மனுக்களைச் சரிபார்த்தவன். பொய்த் தகவல் எழுதியதற்காக எத்தனையோ பேரை வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். அன்று 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. செல்போனில் ஒரு சௌகரியம், அது நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

"நடுவுல ஒருத்தனுக்கு எதுக்குக் கமிஷன்? நேராக் கம்பெனிகிட்டயே வாங்கிட்டேன்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

"அந்தத் தம்பிகிட்டயே போட்டிருக்கலாமே" என்றாள்.

"ஏன், அவன் வந்து கப்பலை ஓட்டப் போறானா?"

கப்பலில் போகும் விஷயத்தை மட்டும் நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். கப்பலேறிச் சுற்றிப் பார்க்கிறவளைச் சீக்காளி என்று எவன் சொல்வான்?

வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து மத்தியான ரயிலில் சென்னைக்குப் போய், எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கப்பல் வெள்ளையாக, பெரிய அபார்ட்மெண்ட் மாதிரி நின்றது. அவள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தாள். ஐம்பது தாண்டியவர்களை ஒரு நர்ஸ் உட்கார வைத்து பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையை எடுத்து மனைவியின் இடது கையில் சுற்றப் போனார்.

"இந்தக் கையில வேணாம்மா" என்று அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் அந்தக் கையில் பட்டை சுற்ற விடமாட்டார்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் சொல்வார்கள். நர்ஸ் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு முழுக்கையை மெதுவாக மேலேற்றி, புடைப்பின் மேல் இரண்டு விரலை வைத்தார். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல இல்லைன்னு போட்டிருக்கீங்களே சார்?"

ஒரு அதிகாரி வந்தார். அவர் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். டாக்டர் லெட்டர் இல்லாமல் ஏற்ற முடியாது, நடுக்கடலில் ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்றார். "லெட்டரை இப்ப வரவழைச்சாலும் குடுங்க, மேல கேட்டுப் பாக்குறேன். நாலு மணிக்குக் கேட் மூடிருவோம்." மணி இரண்டுகூட ஆகவில்லை. டிக்கெட் போட்ட கம்பெனியின் எண்ணுக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து என்றது, மூன்றை அழுத்து என்றது, பிறகு பாட்டுப் போட்டது. கடைசியில் வந்த பெண் வருந்துகிறோம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டரின் நம்பர்கூட என்னிடம் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனிடம் எப்படி இருக்கும்?

"அந்தத் தம்பிக்கு ஒரு போன் போடுங்களேன். அவரு ஆஸ்பத்திரிக்குப் போயி வாங்கி அனுப்பிருவாரு" என்றாள்.

அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "ஊரு பூராத் தண்டோராப் போடணுமா? மக கல்யாணம் நடக்கணுமா வேணாமா?"

வரிசையில் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொல்லவில்லை. ரவிக்கையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாலு மணிக்குக் கேட்டை மூடினார்கள். வெளியே வந்து ஆட்டோ பிடிக்கும்போது, மெரினாவுக்காவது போகலாமா என்று கேட்டேன். "கரையைப் பாத்தது போதுங்க" என்றாள்.

ஊருக்கும் உடனே திரும்ப முடியாது, தெருவுக்கே கப்பல் கதை சொல்லியாகிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை அந்த லாட்ஜிலேயே கிடந்தோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். கொண்டுபோன பாட்டிலில் அவள் தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டாள். நான் செல்போனில் கப்பலின் படங்களைப் பார்த்து, நீச்சல்குளம் எந்தத் தளத்தில், சாப்பாட்டுக்கூடம் எந்தத் தளத்தில் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். யாராவது கேட்டால் உளறக்கூடாதே. நினைத்தால் இப்போதும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் ஆசையாக ஓடி வந்து, கடல் எப்படி இருந்தது என்று கேட்டார். "தண்ணிதான். எங்கிட்டுப் பாத்தாலும் தண்ணி" என்றாள் என் மனைவி.

ஐந்து மாதம் கழித்து நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து போய்விட்டாள். அப்போதும் நான் மாறவில்லை. எல்லோரிடமும் திடீர் நெஞ்சுவலி என்று சொன்னேன்.

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால்தான் போவார்கள், கேதத்துக்குக் கூப்பிடாமலே வருவார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்து கையைப் பிடித்துவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் டிராவல்ஸ்காரர் வந்தார். பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டார்கள். அவர் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"எங்கம்மாவுக்கும் அங்கதான் சார் டயாலிசிஸ். அக்காவுக்கு அடுத்த பெட்டு. திங்கள், வியாழன் நான்தான் கூட்டிட்டுப் போயி கூடவே இருப்பேன்."

அவர் பக்கம் திரும்பினேன். "எம்புட்டு நாளா?"

"ஒண்ணே முக்கா வருசமா. அந்தக் கப்பலைப் பத்தி அக்காகிட்டச் சொன்னதே நான்தான். போன வருசம் டயாலிசிஸ் பண்றவரு ஒருத்தர லெட்டரோட அனுப்பி வச்சேன், நல்லபடியாப் போயிட்டு வந்தாரு."

"அன்னைக்கு ஆபீஸ்ல என்கிட்ட ஏன் சொல்லல?"

"அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க சார். 'தம்பி, உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம், அம்புட்டுப் பாடுபட்டு மறைச்சுக்கிட்டு இருக்காரு, ஒடஞ்சு போயிருவாரு'ன்னாங்க. அதான் உங்க வாயாலயே வரட்டும்னு ஒவ்வொண்ணாக் கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமை பூரா போனைக் கையிலயே வச்சிருந்தேன். ஏதாச்சும் தகராறுன்னா நீங்க கூப்பிடுவீங்கன்னு."

"கூப்பிட்டிருந்தா?"

"டாக்டர் அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருந்தாரு. அரை மணி நேரத்துல லெட்டர் வந்திருக்கும். ஏத்தியிருப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியல சார். கேட்டுப் பாத்திருக்கலாம்."

துறைமுகத்தில் அவள் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தம்பிக்குத் தெரியுங்க. அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவள் கப்பலேறியிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாக ஊரை ஏய்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன் அத்தனை பேர் முன்னால் கோமாளியாக நின்றிருப்பான். அவள் என்னைப் பார்த்தாள், கடலை விட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில் மேலூரிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத்தானே கப்பல்லாம் போயிட்டு வந்தாங்க, நல்லாத்தானே இருந்தாங்க. என்ன செஞ்சுச்சு?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் பழக்கதோஷத்தில் "நெஞ்சுவலி" என்றுதான் வந்தது. வந்தவர் நம்பமுடியாமல் டிராவல்ஸ்காரரைப் பார்த்தார்.

"ஆமாண்ணே, நெஞ்சுவலிதான்" என்றார் அவர். "பட்டுன்னு போயிட்டாங்க."

அவள் இறந்ததிலிருந்து அதுவரை நான் அழவில்லை. அந்த இடத்தில், அவர் தோளில் சாய்ந்து, சத்தம் போட்டு அழுதேன். மேலூர்க்காரர் என் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, திடீர்ச் சாவு என்றால் யாருக்குத்தான் தாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.